ஓடுபாதைக்கு முன்னால் தீர்ந்துபோன முகவரிகள்

லண்டன் ஹீத்ரோவில் கிளம்பிய விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கை நெருங்கிவிட்டது. நிஜ நேரத்திலேயே பறந்ததால் எட்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. விமானி தன் வீட்டு மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். கடலுக்கு மேலே தானோட்டியிடம் விமானத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டார், கொஞ்சம் கண்ணயர்ந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து வேகத்தைக் குறைக்கிறார், சக்கரங்களை இறக்குகிறார். மன்ஹாட்டன் கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. ஓடுபாதை விளக்குகள் தெரியப்போகும் நேரத்தில் படம் உறைகிறது. நினைவகம் தீர்ந்துவிட்டது, நிரல் மூடப்படுகிறது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து சொல்கிறது. பிறகு வெறும் டெஸ்க்டாப்.

மைக்ரோசாஃப்டின் 'ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்' 2006 அக்டோபரில் வந்தது. விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும் என்று கேபினட்டைத் திறந்து 4 ஜிபி ரேம் போட்டவர்களில் பலருக்கு மேலே சொன்னது நடந்தது. இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. 'தீர்ந்துவிட்டது' என்று பெட்டி வந்த அந்த நிமிடத்திலும், காசு கொடுத்து வாங்கிய அந்த ரேமில் ஒரு நல்ல பங்கு காலியாகவே கிடந்தது.

'சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? ரேம் போடு.' இதைச் சொல்லாத நண்பர் கிடையாது. பெரும்பாலும் நல்ல யோசனைதான். ஆனால் காலி இடம் இருக்கும்போதே இடமில்லை என்று ஒரு நிரல் விழுகிறது என்றால், நாம் 'ரேம்' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அவற்றைப் பிரித்துப் பார்க்க விமானப் பயிற்சி நிரலைவிடக் கறாரான பரிசோதகர் வீட்டுக் கணினியில் வேறில்லை.

*

அது அவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் எளிது. கட்டடத்துக்குள் நடக்கும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது. கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பதைத் திறக்கும்போது ஏற்றினால் போதும். வானத்தில் கதவு கிடையாது. எந்தத் திசையிலும் அடிவானம் வரை கண்ணுக்குத் தெரியும். எந்தத் திசையிலும் திரும்பலாம்.

10 கிலோமீட்டர் தூரம் வரை தெரியும் நிலத்தை நுணுக்கமாகக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆரம் 10 என்றால் பரப்பு 314 சதுர கிலோமீட்டர். 'இன்னும் கொஞ்சம் தூரம் தெளிவாகத் தெரியட்டுமே' என்று அமைப்புத் திரையில் அந்தக் குமிழை நகர்த்தி ஆரத்தை 20 ஆக்கினால் பரப்பு 628 ஆகாது, 1257 ஆகிவிடும். தூரம் இரட்டித்தால் நிலம் நான்கு மடங்கு. அந்தக் குமிழ் எவ்வளவு கனமானது என்பது அதை நகர்த்தும் விரலுக்குத் தெரிவதில்லை.

நிலத்தின் மேலே கட்டடம், மரம், ஓடுபாதை, நிற்கும் விமானங்கள், சொந்த விமானத்தின் உள்கூடு. இவை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டப்படும் தோல் ஒரு படம். ஒரு பக்கம் 4096 புள்ளி கொண்ட சதுரப் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. அப்படி 32 படங்கள் சேர்ந்தால் 2 ஜிபி நிரம்பிவிடும். நடைமுறையில் படங்களைச் சுருக்கித்தான் வைக்கிறார்கள். 64 எம்பி 16 ஆகிவிடும். இருந்தாலும் ஒரு பெரிய விமான நிலையத்துக்குப் படங்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

நேரமும் நிற்காது. அமெரிக்க வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த அடக்கமான வேகத்திலேயே விநாடிக்கு 129 மீட்டர் ஓடுகிறது. எட்டு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் நிலம் பின்னால் போகிறது, முன்னால் புதிதாக ஒரு கிலோமீட்டர் வர வேண்டும். அது வந்து சேரும் வரை விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது. பாட்டுக் கேட்கும் நிரல் கொஞ்சம் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டால் தப்பித்துவிடும். அடுத்த வரி என்ன என்பது அதற்குத் தெரியும். விமானி அடுத்து எங்கே திரும்புவார் என்பது யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் இந்த நிரலின் பிறப்பு மிக ஒல்லியான இடத்தில் நடந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் 1975-இல் தன் ஆய்வேட்டை, பறக்கும் காட்சியைக் கணினியே வரைந்து காட்டுவது எப்படி என்பதைப் பற்றி எழுதினார். அதிலிருந்து அவர் ஆப்பிள் II கணினிக்குச் செய்த விமான நிரல் 16 கேபி நினைவகத்தில் ஓடியது. கோடுகளால் ஆன ஒரு தரை, கோடுகளால் ஆன மலை. 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தபோது சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மீக்ஸ் ஃபீல்டில் விமானம் தயாராக நிற்கும். அந்த நிரல் வன்பொருளை அடியாழம் வரை தொட்டு வேலை வாங்கியதால், ஐபிஎம்முக்கு நிகர் என்று சொல்லிக்கொண்டு வந்த மற்ற கணினிகள் உண்மையிலேயே நிகர்தானா என்று பார்க்க அதையே ஓட்டிப் பார்த்தார்கள். பரிசோதகர் வேலை அதற்கு அன்றே வாய்த்துவிட்டது.

*

ரேம் போட்டால் கணினி வேகமாகிறது என்கிறோம். ரேமுக்கு வேகத்தைக் கூட்டும் சக்தி எதுவும் கிடையாது. அது செய்வது, மெதுவான இடத்துக்குப் போகவேண்டிய பயணத்தைத் தவிர்ப்பது. அந்த மெதுவான இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புரிந்தால்தான் இந்தத் தவிர்ப்பின் அருமை தெரியும்.

ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அது மனதில் நிற்காது. ஆகவே அதை இழுத்து ஒரு முழு நொடியாக வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் இழுப்போம். பிராசசர் உலை வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஆள். அதற்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி. எடுக்க ஒரு நொடி. ரேம், பின்கட்டில் இருக்கும் அரிசி டின். எழுந்து போய் அள்ளி வர ஒன்றரை நிமிடம். எஸ்எஸ்டி, பக்கத்து டவுனுக்குப் போய் மூட்டை வாங்கி வருவது. ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு துண்டைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி நொடி. நம் கணக்கில் அது 116 நாள். நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, குறுவை அறுத்து, நெல்லை அரிசியாக்கி வீட்டுக்குக் கொண்டுவரும் காலம். உலைத் தண்ணீர் அதுவரை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விமானத் திரையில் இது எப்படித் தெரியும்? விநாடிக்கு 30 படம் ஓடுகிறது என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி நொடி. அதற்குள் மூன்று தடவை ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் வந்தால் அந்தப் படம் போயிற்று. விமானம் வெட்டி வெட்டி இழுக்கும். தரையிறங்கும்போது அந்த ஒரு இழுப்பில் விமானத்தின் மூக்கு எங்கோ போய்விடும்.

ரேம் போதாதபோது வட்டையே ரேமின் நீட்சியாகப் பயன்படுத்தும் உத்தி பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழு உருவாக்கி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி அதைச் செய்தது. நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி, இப்போதைக்குத் தேவையில்லாத பக்கத்தைச் சுழலும் உருளையில் எழுதி வைத்து, கேட்டால் திரும்பக் கொண்டுவந்தது. நிரல் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகம் போலவே தெரிந்தது. இன்று உங்கள் விண்டோஸில் இருக்கும் பேஜ் ஃபைல் அதன் கொள்ளுப்பேரன். பக்கத்தின் அளவு 4 கேபி.

இந்த வசதியில் ஒரு பள்ளம் உண்டு என்பதை 1968-இல் பீட்டர் டென்னிங் தெளிவாக்கினார். ஒரு நிரலுக்கு மொத்தம் எவ்வளவு பக்கம் என்பது பெரிய விஷயம் இல்லை. இந்தச் சில நொடிகளில் எந்தப் பக்கங்கள் கைவசம் இருந்தே ஆகவேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் வைத்த பெயர் வொர்க்கிங் செட். ரேம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எல்லாம் சுகம். கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் மெதுவாகும் என்று நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. இப்போதுதான் வெளியே அனுப்பிய பக்கம் உடனே திரும்ப வேண்டும். அதற்கு இடம் விட வேறொன்றை அனுப்ப வேண்டும். அதுவும் உடனே வேண்டும். கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைச் சுமப்பதிலேயே விழுந்து கிடக்கும். சரிவு இல்லை, செங்குத்தான பாறை விளிம்பு.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு நேரடியான விஷயம் கிடைக்கிறது. விளிம்புக்கு அந்தப்பக்கம் விழுந்துகொண்டிருப்பவருக்கு இன்னொரு ரேம் ஸ்டிக் உயிர் கொடுக்கும். விளிம்புக்கு இந்தப்பக்கம் பத்திரமாக நிற்பவருக்கு அதே ஸ்டிக் ஒன்றும் செய்யாது. நண்பருக்குப் பறந்தது, எனக்குப் பறக்கவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

*

விஸ்டாவுக்கு வருவோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 128 எம்பி இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். விஸ்டாவை முழு அலங்காரத்தோடு ஓட்ட 1 ஜிபி வேண்டும் என்றார்கள். ஐந்து வருடத்தில் எட்டு மடங்கு. கூடவே சூப்பர்ஃபெட்ச் என்று ஒன்று வந்தது. நீங்கள் காலையில் எந்த நிரலைத் திறப்பீர்கள் என்று கவனித்து, காலி ரேமில் அதை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கும். டாஸ்க் மேனேஜரில் காலி நினைவகம் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று பார்த்தவர்கள், புதிய விண்டோஸ் ரேமைத் தின்கிறது என்று அலறினார்கள். இந்த ஒரு விஷயத்தில் விஸ்டாவின் மேல் விழுந்த பழி நியாயமற்றது என்றே நான் நினைக்கிறேன். காலியாக இருக்கும் ரேமும் மின்சாரம் குடிக்கிறது. அதில் எதையாவது வைத்திருப்பது புத்திசாலித்தனம். வேறு நிரல் கேட்டால் அந்த இடம் நொடியில் விடப்படும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முகவரியில்.

ஒரு தெருவில் கதவு எண் பலகையில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். 99 வீடு வரை சரி. நூறாவது வீட்டைக் கட்டலாம், வண்ணம் பூசலாம், குடியும் வரலாம். தபால் வராது. 32 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 32 இருநிலை இலக்கங்கள். அவற்றால் எழுதக்கூடிய எண்கள் 4,29,49,67,296. ஒவ்வொன்றும் ஒரு பைட்டின் கதவு எண். மொத்தம் 4 ஜிபி. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் இப்படி ஒரு முழுத் தெருவைக் கற்பனையாகக் கொடுக்கிறது. ஆனால் தெருவின் மேல்பாதியைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. நிரலுக்கு மிஞ்சுவது 2 ஜிபி முகவரி. கணினியில் 3 ஜிபி ரேம் இருந்தாலும், 4 இருந்தாலும், ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸுக்குக் கிடைத்தது இந்த 2 ஜிபி கதவு எண்கள்தான். நியூயார்க்குக்கு முன்னால் தீர்ந்துபோனது அதுதான். ரேம் தீரவில்லை, அதைக் கூப்பிட எண் தீர்ந்துவிட்டது.

புதிய இயங்குதளம் இதில் எண்ணெய் ஊற்றியது. விஸ்டா கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தையும் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும்படி மாற்றி அமைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்காகக் கார்டில் வைக்கும் படங்களுக்கு நிகராக நிரலின் முகவரித் தெருவிலும் இடம் பிடித்தது. அக்கால விளையாட்டுகள் தங்கள் படங்களுக்குத் தாங்களே ஒரு நகல் வைத்திருக்கும். இப்போது அதே படத்துக்கு இன்னொரு இடம். எக்ஸ்பியில் ஓடிய அதே விளையாட்டு, அதே அமைப்பு, விஸ்டாவில் விழுந்தது. பெரிய கார்டு வாங்கியவருக்குத் தொல்லை இன்னும் பெரிது. மைக்ரோசாஃப்ட் அதே 2007-இல் இதற்கு ஒரு திருத்தம் வெளியிட்டது.

ஏன் சரியாகத் தரையிறங்கும்போது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரமாக ஆட்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரு இலை காலி, அங்கே இரண்டு இலை காலி. எண்ணிப் பார்த்தால் முப்பது இலை காலி. அப்போது பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து, சேர்ந்துதான் உட்காருவோம் என்கிறது. முகவரி வெளியும் நீண்ட பயணத்தில் இப்படித் துண்டு துண்டாகச் சிதறிவிடும். ஒரு பெரிய படத்துக்குத் தொடர்ச்சியான இடம் வேண்டும். காலி இடம் மொத்தத்தில் இருந்தாலும் தொடர்ச்சியாக இருக்காது. பயணம் முழுவதிலும் கனமான காட்சி கடைசியில்தான் வருகிறது: பெருநகரம், விமான நிலையம், சுற்றிலும் மற்ற விமானங்கள். எட்டு மணி நேரச் சிதறலும் மிகப் பெரிய குடும்பமும் ஒரே நிமிடத்தில் வந்து சேர்கின்றன.

இதே எண் தட்டுப்பாடு இன்னொரு மட்டத்திலும் இருந்தது. நிரலுக்குக் கொடுப்பது கற்பனைத் தெரு என்றேன். மதர்போர்டில் ஒரு நிஜத் தெருவும் உண்டு, அதற்கும் 4 ஜிபி எண்கள். கிராஃபிக்ஸ் கார்டு முதலான கருவிகளுக்கும் அதே தெருவின் உச்சியில்தான் கதவு எண் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு ரேம் மறைந்துவிடும். 4 ஜிபி செருகியவர் திரையில் 3.25 ஜிபி என்று பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனது இதனால். 2008-இல் வந்த விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் அந்தத் திரையில் 4 ஜிபி என்று காட்டத் தொடங்கியது. இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை. செருகியிருக்கும் அளவைக் காட்டும்படி எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

வழி பிறந்தது 64 பிட் விண்டோஸில். அதில்கூட ஒரு அழகான நுணுக்கம் இருக்கிறது. ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் 32 பிட் நிரலாகவே இருந்தது. ஆனால் அதன் இரண்டாவது சர்வீஸ் பேக்கில், நிரல் கோப்பின் தலைப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றி வைத்தார்கள். பெரிய முகவரிகளைக் கண்டு தடுமாற மாட்டேன் என்று நிரல் கொடுக்கும் வாக்கு அது. வாக்கு எதற்கு என்றால், முகவரி ஒருபோதும் மேல்பாதிக்குப் போகாது என்று நம்பி, முகவரியின் உச்சி பிட்டைத் தங்கள் சொந்தக் குறிப்புக்குப் பயன்படுத்திக்கொண்ட நிரலாளர்கள் இருந்தார்கள். வாக்குக் கொடுத்த 32 பிட் நிரலுக்கு 64 பிட் விண்டோஸ் முழு 4 ஜிபி தெருவையும் விட்டுக்கொடுத்தது. அதே ரேம், அதே விளையாட்டு. இயங்குதளத்தை மாற்றியதும் கதவு எண்கள் இரட்டித்தன. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது பறப்பவர்கள் அதன் 64 பிட் வடிவத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனது இதற்காகத்தான். 6, 8 ஜிபி ரேம் போடுவதற்கு அர்த்தம் வந்ததும் அப்போதுதான்.

*

இன்று அந்தத் தெரு தீராது. 64 பிட் கணினிகள் பரவலாகப் பயன்படுத்தும் 48 இலக்க முகவரியே 256 டெராபைட் வரை போகும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே கிடையாது. எனவே பழைய பற்றாக்குறை திரும்ப வந்துவிட்டது: இடம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபோது பலர் புதிய இயங்குதளத்துக்கு மாறினார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று எழுதியிருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024' குறைந்தபட்சம் 16 ஜிபி கேட்கிறது, 32 இருந்தால் நல்லது என்கிறது, 64 இருந்தால் உத்தமம் என்கிறது. ஆர்ட்விக்கின் 16 கேபியிலிருந்து இந்த 64 ஜிபி வரை சுமார் 42 லட்சம் மடங்கு.

காரணம், நிலம் இப்போது வரையப்படுவதில்லை. வானிலிருந்து எடுத்த உண்மைப் படங்களாக வருகிறது. பிரான்ஸின் போர்டோவில் இருக்கும் அசோபோ ஸ்டுடியோ 2020-இல் செய்த பதிப்பிலேயே உலகத்தின் தரவு 2 பெட்டாபைட்டைத் தாண்டியது. எந்த வீட்டு வட்டிலும் அது அடங்காது. பறக்கப் பறக்க இணையம் வழியாக இறங்குகிறது. 50 மில்லி நொடி தொலைவில் இருக்கும் சர்வரை நம் அரிசிக் கணக்கில் போட்டால் ஒன்றரை வருடத்துக்கு மேல். இவ்வளவு தூரத்திலிருந்து வந்ததைத் தூக்கிப் போடவா மனம் வரும்? கொண்டுவந்ததை ரேமில் அடைகாத்து வைத்துக்கொள்கிறது நிரல்.

ரேம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாகப் பறக்கும் பயணத்தில் மிகக் கனமான விமான நிலையத்தை நெருங்கும்போது டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். பயன்பாடு உச்சவரம்பை ஒட்டி நின்று, வட்டும் ஓயாமல் ஓடினால் ரேம் வேண்டும். 32-இல் 20 என்று காட்டினால் உங்கள் இழுப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அந்தப் பணம் மிச்சம்.

வேண்டும் என்று முடிவானால் ஒரு ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலைவிட நீளமான பச்சை அல்லது கறுப்புப் பலகை. கீழ் விளிம்பில் தங்க முலாம் பூசிய 288 தொடுமுனைகள். நடுவிலிருந்து சற்றே தள்ளி ஒரு வெட்டு. டிடிஆர் 4, டிடிஆர் 5 என்ற இரண்டு ரேம் தலைமுறைகளுக்கும் முனைகளின் எண்ணிக்கை ஒன்றுதான், வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பலகையின் மேல் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். அவற்றோடு அரிசிமணி அளவில் ஒரு குட்டிச் சில்லு. தான் யார், எந்த வேகம், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற ஜாதகம் அதற்குள் எழுதியிருக்கிறது; கணினியை இயக்கியதும் மதர்போர்டு அதை வாசிக்கிறது.

பெரிய சில்லுகளுக்குள் இருப்பது ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் யோசித்த அமைப்பு. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஒரு நகத்தளவில் கோடிக்கணக்கில் அடுக்க முடிகிறது. ஓட்டைப் பானைதான், நிறைத்தது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே டிடிஆர் 4 ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை வாசித்துத் திரும்ப நிறைக்கிறார்கள். நீங்கள் கடலுக்கு மேலே கண்ணயர்ந்திருக்கும் நேரத்திலும் உங்கள் விமானம், மேகம், கடல் எல்லாம் விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

பெட்டியில் அச்சிட்ட எண்களில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஒன்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் நல்ல டிடிஆர் 400 ரேம் காத்திருப்பு எண் 2 என்று வரும். இன்றைய டிடிஆர் 5, 6000 வேகத்தில், 30 என்று வருகிறது. 30 என்றால் மோசம் என்று தோன்றும். அந்த எண் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. துடிப்பின் நீளமோ பதினைந்தில் ஒரு பங்காகிவிட்டது. பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே 10 நானோ நொடி. இருபது வருடத்தில் அந்தக் காத்திருப்பு அசையவே இல்லை. அந்தச் சின்னஞ்சிறு மின்னூட்டம் நீண்ட கம்பியில் இறங்கி, அது 0-வா 1-ஆ என்று அடையாளம் காணப்பட அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. கூடியது பாதையின் அகலம்: விநாடிக்கு 3.2 ஜிபி சுமந்தது இன்று 48 ஜிபி சுமக்கிறது.

அந்த அகலத்தைத்தான் நம்மில் பலர் பாதியாக்கி வைத்திருக்கிறோம். ஒரே 32 ஜிபி ஸ்டிக் போட்டால் ஒரு பாதை. இரண்டு 16 போட்டால் இரண்டு பாதை. அந்த இரண்டையும் சரியான இடத்தில் போட வேண்டும். நான்கு செருகுவாய் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். நான் முதன்முதலில் போட்டபோது பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். அளவு சரியாகக் காட்டியது, பிழை எதுவும் வரவில்லை. பல மாதம் கழித்து போர்டின் கையேட்டை வேறு எதற்கோ புரட்டியபோதுதான் இரண்டும் ஒரே பாதையில் நிற்பது தெரிந்தது. கையேட்டில் அந்த ஒரு படத்தை மட்டுமாவது முதலிலேயே பார்த்துவிடுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும் என்பதையும், பெட்டியில் எழுதிய முழு வேகம் வேண்டுமானால் பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினட்டின் வெறும் உலோகத்தை ஒரு கையால் தொடுங்கள். உடம்பிலிருக்கும் நிலைமின் அதில் இறங்கட்டும். செருகுவாயின் தாழை விரியுங்கள். வெட்டும் மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரல்களாலும் இரு முனைகளையும் ஒரே சீராக அழுத்துங்கள். முதல் தடவை செய்பவருக்கு, போர்டு உடைந்துவிடுமோ என்று பயம் வரும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும். தாழ் தானாக எழுந்து 'டக்' என்று பூட்டும். அந்தச் சத்தம் வந்தால் சரி.

டிடிஆர் 5 என்றால் முதல் தடவை இயக்கும்போது திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். கெட்டுவிட்டது என்று பதறி அணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பியிலும் சமிக்ஞை எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று மதர்போர்டு அளந்து, தன்னைப் பொருத்திக்கொண்டிருக்கிறது. அன்று இரவு மெம்டெஸ்ட் போன்ற ஒரு நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பிழை பூஜ்யம் என்று இருக்க வேண்டும்.

என் கணினியில் அப்படி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவிலிருந்து கிளம்பினேன். கடலைக் கடக்கும் வரை பயன்பாடு அசையவில்லை. லாங் ஐலண்டின் கரை வந்ததும் ஏறத் தொடங்கியது. ஜமைக்கா விரிகுடாவின் நீர் கீழே பளபளத்தபோது 27 ஜிபி. கென்னடி விமான நிலையத்தின் ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக மூக்குக்கு அடியில் வந்து மறைந்தன. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் அந்த எண்ணைத் திரும்பப் பார்க்க நினைவு வந்தது.